நிச்சயம் முடிந்து முதல் பொங்கல்: மாப்பிள்ளை வீட்டில் நான்தான் பானை வைக்கணுமாம்

கோவைப்பொண்ணு

எல்லோருக்கும் வணக்கம். ஐப்பசியில் நிச்சயம் முடிந்தது, வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை வீடு தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமம். தைப்பொங்கல் அன்று மதியச் சாப்பாட்டுக்கு அப்பா, அம்மா, என்னை மூவரையும் கூப்பிட்டிருக்கிறார்கள். நேற்று போனில் பேசும்போது அத்தை, "இந்த வருஷம் சர்க்கரைப் பொங்கல் நீ வையேன், காலையிலேயே வந்துடு" என்று சொல்லிவிட்டார். சரி என்று சொல்லிவிட்டேன்.

வாசலில் செங்கல் அடுப்பு, விறகு, வெண்கலப் பானை. பானை கழுத்துவரை சுமார் 5 லிட்டர் பிடிக்குமாம். மதியம் 15 பேர் சாப்பிடுவார்கள். எனக்கு கேஸ் அடுப்பில், குக்கரில்தான் பழக்கம்.

தெரிய வேண்டியவை: 15 பேருக்கு அளவு என்ன, விறகடுப்பில் எங்கே சறுக்கும், கையில் என்ன கொண்டு போவது, பந்தியில் எப்படி நடந்துகொள்வது. அந்த வீட்டில் மாமா, அத்தை தவிர அப்பாயி, ஒரு நாத்தனார் (மாப்பிள்ளைக்கு மூத்தவர்), கொழுந்தன் இருக்கிறார்கள். அப்பாயிக்குப் பல் இல்லை. மாமாவுக்குச் சர்க்கரை வியாதி.

விறகடுப்பு

பானை விஷயத்தை மட்டும் நான் சொல்கிறேன், மற்றதை மற்றவர்கள் சொல்லட்டும்.

சாப்பாட்டோடு சேர்த்து இலையில் ஒரு கரண்டி வைக்கிற அளவு என்றால் 15 பேருக்கு அரை கிலோ பச்சரிசி தாராளம். பாசிப்பருப்பு 125 கிராம், வெல்லம் 900 கிராம், நெய் 200 மில்லி, முந்திரி 75, திராட்சை 50, ஏலக்காய் பத்துப் பன்னிரண்டு, பச்சைக் கற்பூரம் ஒரே ஒரு கடுகளவு. கற்பூரம் கூடினால் பானை முழுக்கக் கசந்துவிடும், அதைச் சரிசெய்ய வழியே இல்லை. பால் அரை லிட்டர் போதும்.

படைக்கும் முன் ருசி பார்க்கக் கூடாது என்பது நினைவிருக்கட்டும். குக்கரில் செய்யும்போது கரண்டி நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கும் கை இங்கே தன்னால் எழும். எல்லோரும் சுற்றி நிற்கும்போது அதைச் செய்துவிட்டால் அந்த வீட்டுப் பெரியவர்கள் முகம் மாறும். அதனால் எல்லாவற்றையும் முதல் நாளே நிறுத்து, தனித்தனியாகக் கட்டி வைத்துவிட வேண்டும். வெல்லத்தை மட்டும் வாங்கின அன்றே ஒரு துண்டு வாயில் போட்டுப் பாருங்கள். சில வெல்லம் உப்புக் கரிக்கும். அது தெரியாமல் போட்டால் பொங்கலும் கரிக்கும். பளிச்சென்ற மஞ்சள் வெல்லத்தைத் தவிர்த்து, கொஞ்சம் கறுத்த வெல்லமாக எடுங்கள், மணம் அதில்தான். நீங்கள் போகும் ஊருக்குப் பக்கத்திலேயே வீரமாங்குடி இருக்கிறது, அச்சு வெல்லத்துக்குப் பேர் போன ஊர். வெல்லத்தை மட்டும் அவர்கள் வீட்டிலேயே வாங்கி வைக்கச் சொல்லலாம், கோவையிலிருந்து சுமக்க வேண்டாம்.

பானை. அடுப்பில் ஏற்றும் முன் வெளிப்பக்கம், கழுத்துக்குக் கீழே, சாம்பலைத் தண்ணீரில் குழைத்துப் பூசிவிடுங்கள். கரி அதன் மேல் படியும், தேய்க்கும்போது சாம்பலோடு உரிந்து வந்துவிடும். கழுத்தில் மஞ்சள் கொத்தும் இஞ்சிக் கொத்தும் கட்டும்போது இலைகளை மேலே தூக்கிக் கட்டுங்கள். தொங்கவிட்டால் நெருப்பில் கருகும்.

முதலில் தண்ணீர், பிறகு பால். தலைகீழாகச் செய்தால் பால் அடியில் ஒட்டித் தீயும். தண்ணீரில் ஒரு பங்காவது அரிசி களைந்த இரண்டாம் கழுநீராக இருக்கட்டும். அதிலிருக்கும் மாவும் பாலும் சேர்ந்தால் நுரை கெட்டியாக எழும்பி அழகாக வழியும். வெறும் தண்ணீர் கொதிக்குமே தவிரப் பொங்காது. கழுத்துவரை நிரப்புங்கள். பாதிப் பானையில் ஊற்றிவிட்டுப் பொங்கவில்லையே என்று தவிப்பதுதான் புதிதாகச் செய்பவர்களுக்கு அதிகம் நடப்பது.

5 லிட்டர் நல்ல விறகில் பொங்க 25 முதல் 30 நிமிடம் ஆகும். நல்ல நேரத்தில் பானை ஏற்ற வேண்டுமா, நல்ல நேரத்துக்குள் பொங்க வேண்டுமா என்று அத்தையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வீடு வேறு. இரண்டாவது என்றால் அரை மணி முன்னாடியே அடுப்பு எரிய வேண்டும்.

பொங்கி வழிந்து குலவை எல்லாம் ஆனதும் ஒன்றரை லிட்டர் நீரை முகந்து மூடி வைத்துவிடுங்கள். கொட்டிவிடாதீர்கள், பிறகு தேவைப்படும். அரிசியையும் லேசாக வறுத்த பருப்பையும் கழுவி 20 நிமிடம் ஊறவைத்திருப்பீர்கள் அல்லவா, அதை மூன்று கைப்பிடி போட்டுவிட்டு (முதல் கைப்பிடி அத்தையோ அப்பாயியோ போடட்டும்) மீதியைச் சேர்த்துக் கிளறுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. டெல்டாவில் பொங்கலுக்குப் புது அரிசி போடும் வீடுகள் உண்டு. புத்தரிசி குறைவாகத்தான் தண்ணீர் குடிக்கும், சீக்கிரம் குழையும். கடைப் பழைய அரிசிக்கு ஒன்றுக்கு ஐந்து தண்ணீர் என்றால் புத்தரிசிக்கு நாலே போதும். முகந்து வைத்த நீர் இதற்காகத்தான். முதலில் குறைவாக வைத்து, வேண்டுமென்றால் சூடாக்கி ஊற்றிக்கொள்ளலாம். ஊற்றினதைத் திரும்ப எடுக்க முடியாது.

வெல்லம் எப்போது? ஒரு பருக்கையை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் நசுக்குங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் இன்னும் வேக வேண்டும். மாவாக வழுக்கிக்கொண்டு போக வேண்டும். வெல்லம் விழுந்த பிறகு அரிசி மேற்கொண்டு வேகாது, ஏனென்றால் இனிப்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அரிசிக்கு விடாது. அரைவேக்காட்டில் வெல்லம் போட்டால் எவ்வளவு நேரம் கிளறினாலும் பருக்கை விறைப்பாகவே நிற்கும். பாலும் முழுக்க வற்றியிருக்க வேண்டும். வெல்லம் லேசான புளிப்புத் தன்மை கொண்டது, கொதிக்கும் பாலில் விழுந்தால் திரிந்துவிடும்.

900 கிராம் வெல்லத்தைத் தட்டி, ஒன்றரை தம்ளர் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி வைத்துக்கொள்ளுங்கள். கரைந்தால் போதும், கம்பிப் பதம் வேண்டாம். பாகு முற்றினால் பொங்கல் ஆறும்போது கட்டியாகிவிடும்.

வெல்லத்தை ஊற்றும் முன் விறகுகளை வெளியே இழுத்துவிட்டுக் கங்கு மட்டும் இருக்கட்டும். அடி பிடிப்பது இந்தக் கட்டத்தில்தான். கேஸில் திருகியைக் குறைப்பது போல விறகில் உடனே குறையாது. எனவே ஐந்து நிமிடம் முன்னாலேயே இழுக்க வேண்டும். நீளமான மரக் கரண்டியால் அடியைத் தொட்டுக் கிளறிக்கொண்டே இருங்கள். பத்து நிமிடத்தில் சேர்ந்துவிடும். பாதி நெய் இப்போது, பாதி நெய்யில் முந்திரி திராட்சை வறுத்துக் கடைசியில். ஏலக்காயும் கற்பூரமும் இறக்கின பிறகு.

இறக்கும்போது நீர்க்க இருக்கிறதே என்று தோன்ற வேண்டும். கரண்டியிலிருந்து ஒரே திரளாகச் சரிந்து விழும் பதம். காலை எட்டு மணிக்கு இறக்குவதை மதியம் பன்னிரண்டரைக்குப் பரிமாறுகிறீர்கள், அதற்குள் இறுகும். பரிமாறும் முன் ஒரு தம்ளர் வெந்நீரும் ஒரு கரண்டி நெய்யும் விட்டுத் தணலில் கிளறுங்கள். பால் விடாதீர்கள்.

இப்போதே வீட்டில் மூடி போடாத பாத்திரத்தில் 100 கிராம் அரிசிக்கு ஒருமுறை செய்து பாருங்கள்: பருப்பு 25, வெல்லம் 180, தண்ணீரும் பாலும் சேர்த்து 700 மில்லி. குக்கர் இல்லாமல் பதம் எப்படி மாறுகிறது என்று கண் பழக வேண்டும், அதற்குத்தான்.

மஞ்சக்கொத்து

மேலே சொன்னது அத்தனையும் சரி. ஆனால் வெல்லம் 900 என்பது அந்தப் பக்கத்துச் சில வீடுகளுக்குத் தூக்கல், சில வீடுகளுக்குக் குறைவு. அதனால் முதல் வேலையாக அத்தைக்கு ஒரு போன் போடுங்க: "அத்தை, நம்ம வீட்டு அளவு என்ன? அதே மாதிரி வைக்கிறேன்." இந்த ஒரு கேள்வியில் பாதி வேலை முடிஞ்சிடும். வருஷா வருஷம் அவங்க கையால வச்ச பானையை உங்ககிட்ட தர்றாங்க. அது சோதனையா இருக்கலாம், ஆசையா இருக்கலாம், ரெண்டுக்கும் பதில் இதுதான். அங்கே போய் "எங்க வீட்டில் இப்படித்தான் செய்வோம்"னு மட்டும் வேண்டாம். கோவையில் எப்படி வைப்பாங்கன்னு அவங்களே கேட்டா சொல்லுங்க.

கையில் என்ன? பூ, பழம், வெற்றிலை பாக்கு, மஞ்சள், ஒரு நல்ல இனிப்பு. பழம் ரெண்டு சீப்பு வாழைப்பழமும் கொஞ்சம் ஆரஞ்சும் போதும். வெற்றிலை கும்பகோணத்துலயே கொழுந்தா கிடைக்கும், வர்ற வழியில வாங்குங்க. பூ விஷயத்தில் கவனம்: மார்கழி தை பனியில் மல்லிகை வரத்து குறைஞ்சு, பொங்கல் நேரத்துல விலை ஏறி நிக்கும். அதையே தேடி அலையாம கதம்பமும் சாமந்தியும் முதல் நாளே சொல்லி வச்சிடுங்க. அப்பாயிக்கு ஒரு முழம், அத்தைக்கும் நாத்தனாருக்கும் ரெண்டு ரெண்டு முழம், சாமிக்குத் தனியா. சாமிக்கு உள்ளதை மோந்து பார்க்கக் கூடாது, அதனால தனிப் பொட்டலம்.

பானை, அரிசி, கரும்பு, வெல்லம்னு உங்க அம்மா வாங்கிட்டுப் போக நினைப்பாங்க. வேண்டாம். அது பொங்கல் சீர், கல்யாணத்துக்கு அப்புறம் தலைப்பொங்கலுக்கு முறையா போறது. இப்பவே கொண்டு போனா அவங்க பதிலுக்கு என்ன செய்யறதுன்னு சங்கடப்படுவாங்க, அடுத்த வருஷம் இதைவிடக் கூடுதலா செய்யணும்னு உங்க அப்பாவுக்கும் பாரம்.

உடை: பருத்திச் சேலை, இல்லைன்னா கனமில்லாத பட்டுப் பருத்தி. விறகடுப்பு முன்னாடி ஜார்ஜெட், ஷிஃபான், சிந்தெடிக் எதுவும் கூடாது, ஒரு பொறி பட்டா உருகி ஒட்டிக்கும். முந்தானையை இழுத்துச் செருகி, தலையைப் பின்னிப் போடுங்க. மதியம் பந்திக்கு மாத்திக்க இன்னொரு சேலை பையில இருக்கட்டும், முதல் சேலையில புகை வாடை வரும்.

இன்னொண்ணு, யாரும் வெளியே கேக்கத் தயங்குறது. அந்தத் தேதியில வீட்டு விலக்கு வந்தா என்ன செய்யறது? நிறைய கிராமத்து வீடுகள்ல அன்னைக்குப் பானை தொட விடமாட்டாங்க. மாத்திரை போட்டுத் தள்ளிப் போடறதா இருந்தா டாக்டரைக் கேட்டு மட்டும் செய்யுங்க. என் கருத்து, மாத்திரையைவிட அத்தைகிட்ட முதல் நாள் நேரா சொல்லிடறது மேல். "அத்தை, நாளைக்கு என்னால பானை வைக்க முடியாது, நீங்க வைங்க"ன்னா அவங்களுக்குப் புரியும். மறைச்சு வச்சுட்டு அப்புறம் தெரிஞ்சாத்தான் மனசு கசக்கும்.

கூப்பிடற முறை: மாமா, அத்தை, அப்பாயி. மாப்பிள்ளைக்கு மூத்த நாத்தனாரை அண்ணின்னு கூப்பிடுங்க. கொழுந்தன் சின்னவனா இருந்தாலும் முதல் நாள் வாங்க போங்கன்னு ஆரம்பிங்க, அவங்களே வேண்டாம்னு சொல்லட்டும். பெரியவங்க முன்னாடி மாப்பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடாம "அவங்க"ன்னு சொல்லிடுங்க. தனியா இருக்கும்போது உங்க இஷ்டம்.

பந்திவரிசை

பந்திக்கு வருகிறேன்.

இலை நுனி சாப்பிடுகிறவரின் இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும். நீங்கள் எதிரே நின்று இலை போடும்போது நுனி உங்களுக்கு வலப்பக்கமாக வரும். இங்கேதான் குழப்பம் வரும், ஒருமுறை வீட்டில் போட்டுப் பழகுங்கள்.

முதல் பந்தியில் உங்கள் அப்பா அம்மாவோடு உட்காரச் சொல்வார்கள். "நான் பரிமாறுகிறேன் அத்தை" என்று ஒருமுறை கேளுங்கள். இல்லை, உட்காரு என்றால் உட்கார்ந்துவிடுங்கள். இரண்டு மூன்று முறை மல்லுக்கட்டினால் பந்தி தாமதமாகும், எல்லோர் கண்ணும் உங்கள் மேல் இருக்கும். சர்க்கரைப் பொங்கலை மட்டும் நீங்கள் பரிமாறட்டும் என்று அவர்களே சொல்ல வாய்ப்பு அதிகம். அப்போது மாமாவிடமிருந்து ஆரம்பிப்பதா, உங்கள் வலப்பக்கம் முதலில் உட்கார்ந்திருப்பவரிடமிருந்தா என்றெல்லாம் யோசிக்க வேண்டாம்: அப்பாயி முதலில், பிறகு வரிசை. மாமாவுக்கு அரைக் கரண்டி, கேட்டுவிட்டு. "உங்களுக்குச் சர்க்கரை இருக்கே மாமா" என்று பந்தியில் சொல்லக் கூடாது. "கொஞ்சமா வைக்கட்டுமா மாமா?" போதும். பல வீடுகளில் வெண்பொங்கலும் தனிப் பானையில் வைப்பார்கள், அவருக்கு அதுவும் குழம்பும் இருக்கும்.

அப்பாயிக்கு முந்திரியை ஒதுக்கி, அடியிலிருந்து நன்றாகக் குழைந்ததை எடுத்து, மேலே கொஞ்சம் நெய் விட்டு வையுங்கள்.

இலையில் உப்பு, ஊறுகாய் இடப்பக்க மேல் ஓரத்தில் விழும். மேல் பாதியில் கூட்டு, பொரியல், கீழ்ப் பாதியில் சோறு. பொங்கல் அன்று பரங்கி, அவரை, மொச்சை, சர்க்கரைவள்ளி, வாழைக்காய், சேனை என்று பல காய் போட்ட குழம்பு வரும். அது டெல்டா வீட்டின் பெருமை. குழம்பில் ஒரு காயை ஒதுக்கி இலை ஓரத்தில் தள்ளினால் சமைத்தவர் கண்ணுக்கு முதலில் அதுதான் படும். பிடிக்காத காய் இருந்தால் பரிமாறும்போதே "தண்ணியா விடுங்க" என்று சொல்லிவிடலாம்.

பெரியவர் கை வைக்கும்வரை காத்திருங்கள். போதும் என்பதைக் கரண்டி குனியும் முன்பே, இலைக்கு மேல் கையை லேசாகக் குறுக்கே நீட்டிக் காட்ட வேண்டும். விழுந்த பிறகு "ஐயோ போதும்" என்பதில் பயனில்லை. முதல் தடவை எல்லாவற்றிலும் கொஞ்சம் வாங்கினால் இரண்டாம் தடவை கேட்டு வாங்க வயிற்றில் இடமிருக்கும். குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்குங்கள். அத்தையிடம் "நல்லா இருக்கு" என்று பத்துத் தடவை சொல்வதைவிட அது பேசும்.

எச்சில் கையால் கரண்டியையோ தண்ணீர்ச் செம்பையோ தொடாதீர்கள். முடித்ததும் பக்கத்தில் சாப்பிடுகிறவர்கள் முடியும்வரை எழ வேண்டாம். இலையின் மேல் பாதியை உங்களை நோக்கி மடியுங்கள். எதிர்ப்பக்கம் மடிப்பது துக்க வீட்டு வழக்கம், பெரியவர்கள் இதைக் கண்டிப்பாகக் கவனிப்பார்கள்.

கோவைப்பொண்ணு

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அத்தைக்குப் போன் போட்டேன். மூன்று ஆழாக்கு அரிசி, ஒரு ஆழாக்கு பருப்பு, வெல்லம் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு என்றார். புத்தரிசிதானாம். நல்ல நேரத்துக்குள் பொங்க வேண்டுமாம். இரண்டு சந்தேகம் பாக்கி: ஆழாக்குக்குக் கிராமில் கணக்கு என்ன? மீறி அடி பிடித்துவிட்டால் என்ன செய்வது?

விறகடுப்பு

எட்டு ஆழாக்கு ஒரு படி. ஆனால் வீட்டில் புழங்கும் ஆழாக்கு ஒன்றுக்கொன்று கொஞ்சம் வித்தியாசப்படும், கிராமில் மாற்ற முயல வேண்டாம். அவர்கள் ஆழாக்கிலேயே அரிசி, பருப்பு, தண்ணீர் எல்லாம் அளந்துகொள்ளுங்கள்: மூன்றும் ஒன்றும் நாலு, புத்தரிசிக்கு நாலு பங்கு நீர் என்றால் பதினாறு ஆழாக்கு, அதாவது இரண்டு படி. பொங்கின பிறகு பானையில் அவ்வளவு மட்டும் வைத்துவிட்டு மீதியை முகந்துவிடுங்கள். கண்ணளவில் முகக்கக் கஷ்டமாக இருந்தால், முதல் நாள் பானையில் இரண்டு படி தண்ணீர் ஊற்றி எங்கே நிற்கிறது என்று கரண்டிக் காம்பை நட்டுப் பார்த்து, காம்பில் ஒரு நூல் கட்டி வைக்கும்படி மாப்பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். பருப்பு மூன்றுக்கு ஒன்று என்பதால் நான் சொன்னதைவிடக் குழைவாகவும் சீக்கிரம் இறுகுவதாகவும் இருக்கும். வெந்நீர் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடி பிடித்தால்: தீய்ந்த வாடை வந்த அந்த நொடியே கிளறுவதை நிறுத்துங்கள். கரண்டி அடியைத் தொட்டால் கருகினது மேலே ஏறி எல்லாம் கெடும். பானையை இறக்கி, மேலே உள்ளதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மெல்ல எடுத்து மாற்றுங்கள். அடியில் ஒரு விரல் கனம் போனால் போகட்டும், சுரண்ட வேண்டாம். வேறு பாத்திரத்தில் கங்கின் மேல் வைத்து நெய்யும் ஏலக்காயும் சேர்த்து முடித்துவிடலாம். இதை ஒளித்துச் செய்யாதீர்கள், "அத்தை, அடி பிடிக்கிற மாதிரி இருக்கு, பாத்திரம் மாத்திடட்டுமா?" என்று அவரையே கூப்பிடுங்கள். அதற்காகவே வேறு ஒரு உருளியைக் கழுவித் துடைத்துப் பக்கத்தில் வைத்திருப்பது நல்லது.

நேரத்துக்குள் பொங்குவதற்கு விறகுதான் முக்கியம். காய்ந்த சவுக்கோ வேலிக்கருவையோ, கட்டைவிரல் கனத்தில் பிளந்தது ஒரு கட்டு, மணிக்கட்டுக் கனத்தில் ஒரு கட்டு. பற்றவைக்கத் தென்னம்பாளை. மார்கழிப் பனியில் வெளியே கிடந்த விறகு ஈரத்தில் புகையும், பாலில் புகை வாடை ஏறும். இரண்டு நாள் முன்பே வீட்டுக்குள் எடுத்துப் போட்டுவிடச் சொல்லுங்கள்.

மஞ்சக்கொத்து

கடைசியா ஒண்ணு சேர்த்துக்கறேன். பந்தி முடிஞ்சதும் பானையைத் தேய்க்க நீங்களே போங்க, முழுக்கத் தேய்க்க விடமாட்டாங்க, பரவாயில்லை. வெந்நீர் ஊற்றி அரை மணி ஊற வச்சிட்டா உள்ளே ஒட்டினது தானா விடும். வெளியே புளியும் சாம்பலும். கம்பி நார் போட்டு வெண்கலத்தைக் கீறிடாதீங்க, அது அவங்க மாமியார் காலத்துப் பானையா இருக்கலாம்.

கிளம்பும்போது அத்தை பூவும் குங்குமமும், அநேகமா ஒரு சேலையும் தருவாங்க. ரெண்டு கையாலும் வாங்கி, மாமா அத்தை ரெண்டு பேரையும் சேர்த்து நிக்கச் சொல்லி விழுந்து கும்பிடுங்க, அப்பாயியைத் தனியா. சேலையை அங்கேயே பிரிச்சுப் பார்க்கச் சொன்னா பாருங்க, இல்லேன்னா வீட்டுக்குப் போனதும் அதைக் கட்டி ஒரு போட்டோ எடுத்து அண்ணி நம்பருக்கு அனுப்புங்க. மாட்டுப் பொங்கல் அன்னைக்கே அனுப்பிடணும், கனுவுக்கு அப்புறம் எல்லாரும் அவங்கவங்க ஊருக்குக் கிளம்பிடுவாங்க.